தாய்வீடு: தொண்டைநாட்டு மனைத்தெய்வமும் மகளிர் மனையுரிமையும்

மணமான பெண் தான் பிறந்து வளர்ந்த இல்லத்தைத் 'தாய்வீடு' என்று குறிப்பது தமிழ்நாடெங்கும் பரவிய வழக்கு. ஆடி பிறந்தால் புதுமணப்பெண் தாய்வீடு செல்கிறாள். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்கிறாள். மனம் நொந்தபொழுதும் தாய்வீட்டையே நினைக்கிறாள். ஆனால் அவ்வீட்டின் ஆவணத்தை எடுத்துப் பார்ப்பின், பெரும்பாலும் அது தந்தையின் பெயரிலோ பாட்டன் பெயரிலோ இருக்கக் காண்கிறோம். அவர்க்குப் பின் உடன்பிறந்தான் பெயருக்கு மாறுகிறது. தாய் அவ்வீட்டிற்கு வேறோரிடத்திலிருந்து வந்து புகுந்தவள். மகளோ அவ்வீட்டினின்று வேறோரிடத்திற்குப் போகின்றவள். வந்தவளையும் போகின்றவளையும் கொண்டே வீடு பெயர் பெறுகிறது. உடைமை மட்டும் பிறர்பால் நிற்கிறது. சொல்வழக்கிற்கும் உரிமைவழக்கிற்கும் இடையே உள்ள இம்முரணை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணவனை இழந்தோ பிரிந்தோ மகளோடு மீண்டும் பழைய மனையொன்றிற் குடிபுகும் தாயின் நிலையில் இம்முரண் மிகத் தெளிவாகப் புலப்படுதலின், அந்நிலையையே யாம் முதன்மையாகக் கொண்டோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரையும் அதனைச் சூழ்ந்த தொண்டைநாட்டு ஊர்களையும் நிலைக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. வீடுடைமை ஊராட்சியிற் பங்குபெறும் தகுதிகளுள் ஒன்று எனக் கல்லிற் பொறிக்கப்பட்ட ஊர் அது. இறந்த மகளிரை வீட்டிற்குள்ளேயே தெய்வமாக நிறுத்தி வழிபடும் பூவாடைக்காரி வழிபாடு வேரூன்றிய நிலப்பகுதியும் அதுவே. கல்வெட்டைப் பயில்வோர் வழிபாட்டை நோக்குதல் அரிது; வழிபாட்டை ஆய்வோர் கல்வெட்டின்பாற் செல்லுதலும் அரிது. பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட உத்திரமேரூர் பற்றிய நூல், தொன்மக்கதை, வரலாறு, கட்டடம் என்னும் மூன்றையும் தலைப்பிலேயே இணைத்து வைத்தது ஈண்டு நினைக்கத் தக்கது. அந்நெறியே இக்கட்டுரைக்கும் துணை.

முதற் கல்வெட்டுச் சான்றைக் காண்போம். முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) உத்திரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்த இரு தீர்மானங்கள், இன்று வைகுண்டப்பெருமாள் கோயில் எனப்படும் மண்டபத்தின் சுவரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். இரண்டாம் தீர்மானத்தின்படி அகவை 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். தன் சொந்த மனையில் வீடு எடுத்துக்கொண்டு வாழ்பவனாக இருத்தல் வேண்டும். மறைப்பயிற்சி உடையார்க்கு நில அளவில் தளர்வு உண்டு. இவை யாவரும் அறிந்தவை. பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றவை. குடியாட்சியின் தொன்மைக்குச் சான்றாக இவை எடுத்துக்காட்டப்படுவதும் வழக்கமாயிற்று.

யாம் நோக்குவது வேறொரு பகுதி. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனை விலக்கிய சபை, அவனுடைய உறவினரையும் விலக்கியது. அவ்வுறவினர் இன்னின்னார் எனப் பட்டியலிடும் இடத்தில், சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், மகளை மணந்த மருமகன் என முறைப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. தாயின் தங்கை, தாயின் தமக்கை, தந்தையின் உடன்பிறந்தாள், தன் உடன்பிறந்தாள், தன் மகள் என மகளிர் பலர் இப்பட்டியலில் உள்ளனர். ஆயினும் ஒருவரும் தம்பொருட்டு இடம்பெறவில்லை. இரண்டு ஆடவரை இணைக்கும் கண்ணியாகவே ஒவ்வொருத்தியும் நிற்கிறாள். உறவை அளக்கும்பொழுது பெண்வழியை இத்துணை நுணுக்கமாக எண்ணிய சபை, மனையை அளக்கும்பொழுது அவளை எண்ணவில்லை. இதனைக் குறையாகக் கூறி அக்காலத்தாரைப் பழித்தல் எம் கருத்தன்று; அக்காலத்து உலகில் வேறெங்கும் இதற்கு மேம்பட்ட நிலை பெருக இருந்ததென்று கூறுதற்கில்லை. ஆனால் அக்கல்வெட்டைப் போற்றும் கட்டுரைகள் இப்பகுதியைக் கடந்து சென்றுவிடுகின்றன என்பதைச் சுட்டாது விடுதற்கும் இல்லை.

சோழர் காலத்திலேயே மனையொடு பெண்ணின் பெயர் நேரே பொறிக்கப்பட்ட இடமும் உண்டு. முதல் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலுக்கென நாட்டின் பல கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கொணர்ந்து குடியேற்றினான். தெரு இன்னது, சிறகு இன்னது, வீடு இத்தனையாவது, அதில் இருப்பவள் இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த இன்னாள் என ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே கல்லில் எழுதுவித்தான். ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்கொன்றிற்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பழைய ஊரை விட்டுப் புதிய தெருவில் புதிய வீட்டில் வாழ்வு தொடங்கிய மகளிர் கூட்டமொன்றின் பட்டியல் என்று அதனைக் கொள்ளலாம். குடும்பப் பெண்ணுக்குக் கிட்டாத மனைப்பெயர், குடும்பத்திற்குப் புறத்தே நின்ற பெண்ணுக்குக் கிட்டியது. அது தொண்டு செய்வதற்கு ஈடாகக் கிட்டியது என்பதையும் மறத்தல் கூடாது.

இனி வழிபாட்டுச் சான்று. காஞ்சிபுரம், செங்கற்பட்டு, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய மாவட்டத்துச் சிற்றூர்களில் குலதெய்வம் வேறு, மனைத்தெய்வம் வேறு. குலதெய்வத்திற்கு ஊர்ப்புறத்தே கோயில் இருக்கும். மனைத்தெய்வமாகிய பூவாடைக்காரிக்கோ வீடே கோயில். மஞ்சட் கட்டுக்கழுத்தோடு இறந்த மனைவியும் மணமாகாது இறந்த கன்னியும் பூவாடைக்காரி ஆவர். பூவை ஆடையாக உடுத்தவள் என்று பிரிப்பாரும், வாடை என்பதற்கு மணம் என்னும் பொருள் உண்மையின் பூமணம் கமழ வருபவள் என்று பிரிப்பாரும் உளர். கைம்பெண்ணுக்குப் பூ விலக்கப்பட்ட சமுதாயத்தில், பூவை இழவாது இறந்தவள் என்னும் குறிப்பே பெயரில் முனைந்து நிற்கிறது என்பது எம் கருத்து. மணமாகாக் கன்னிக்கும் பூ உரியதாதலின் அவளும் அப்பெயருள் அடங்கினாள்.

வீட்டில் மணமோ காதணி விழாவோ நிகழவிருக்கும்பொழுது இத்தெய்வத்தை முதலில் அழைத்தாக வேண்டும். குடும்பத்தாரும் பங்காளிகளும் கிணற்றடிக்கோ குளத்தங்கரைக்கோ செல்வர். குடத்தில் நீர் முகந்து, மஞ்சளும் பூவும் வேப்பிலையும் சூட்டி வைப்பர். பம்பைக்காரர் பம்பையும் உடுக்கையும் முழக்கி, இறந்தவளை விளித்துப் பாடுவார். பாட்டு ஏற ஏற வீட்டாருள் ஒருவர்மீது தெய்வம் இறங்கும். 'நீ யார்?' என்று கேட்பர். தெய்வம் தன் பெயரையும் தான் இறந்த வகையையும் கூறும். மனக்குறை இருப்பின் அதனையும் கூறும். பேறுகாலத்தில் இறந்தேன், எனக்கு ஒருவரும் புடவை வைக்கவில்லை என்பது போன்ற குறைகள் அங்கு வெளிப்படும். பின்னர்க் குடத்தைத் தலையிற் சுமந்து வீட்டிற்குக் கொணர்ந்து, உள்ளே ஒரு மூலையில் நிறுத்தி, புதுப்புடவையும் வளையலும் பூவும் படைப்பர். படைத்த புடவையைச் சில வீடுகளில் பெட்டியிலோ கூடையிலோ இட்டு அடுத்த அழைப்பு வரை காப்பர். சில வீடுகளில் வீட்டுப் பெண்ணே உடுத்துவாள். இசபெல் நபொகோவ் என்னும் மானிடவியலார் தென்னார்க்காட்டுச் சடங்குகள் பற்றி 2000இல் வெளியிட்ட நூலில் இவ்வழைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழில் இதுபற்றி இன்னும் விரிவான நூல்கள் வருதல் வேண்டும்; பம்பைக்காரர்தம் பாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்படாமலே மறையும் நிலை உள்ளது. முதுகலை மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இவ்வழிபாட்டின் உள்ளமைதியை நோக்குவோம். மகள் உயிரோடிருப்பின் அவ்வீட்டை விட்டுப் போதல் வேண்டும். போன பின் அவள் விருந்தினள். மணமாகாமலே இறந்தாளாயின், அவள் அவ்வீட்டிற்கே உரியவளாகி, மூலையில் இடம் பெற்று, ஆண்டுதோறும் புடவை பெறுகிறாள். மருமகளாக வந்தவளும் அவ்வாறே. வாழும்பொழுது பிறன்மனையிற் புகுந்தவளாகிய அவள், பூவோடு இறந்தபின் அம்மனையின் காவலாகிறாள். அவளைக் கேளாது அவ்வீட்டில் ஒரு மணமும் நிகழாது. ஆகவே பெண்ணுக்கு மனையில் அசையா இடம் இறந்த பின்னரே கிட்டுகிறது என்று கூறினால் அது மிகையன்று. வாழும் மகளைப் புகுந்த வீட்டிற்கு அனுப்புமுன் இறந்த மகளிடம் விடை கேட்கும் அச்சடங்கில், போகின்றவளும் போகாது நின்றவளும் ஒரு கூரையின்கீழ் ஒருமுறை சந்திக்கின்றனர்.

பழைய வீட்டைச் சூழ்ந்த நம்பிக்கைகள் இவை மட்டுமல்ல. நிலைவாயிலில் திருமகள் இருப்பாள், அதன்மேல் அமர்தல் கூடாது. மாடப்பிறையில் மாலை விளக்கு எரியாத வீட்டில் வேறேதோ குடிபுகும். புழக்கடைக் கிணற்றையும் புளியமரத்தையும் உச்சிப்பொழுதில் அணுகுதல் ஆகாது. இத்தனை அடி அகலம் இருப்பின் இன்ன பயன் என மனையடி சாத்திரம் கூறும். இவற்றைத் தனித்தனியே விளக்கப் புகின் கட்டுரை விரியும். ஒன்று மட்டும் கூறலாம். பூட்டிக் கிடந்த வீட்டைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அங்கு இறந்த பெண்ணொருத்தியைப் பற்றியனவாகவே அமைகின்றன. அக்கதை மதிக்கப்படும்பொழுது பூவாடைக்காரி, மறக்கப்படும்பொழுது பேய். அழைத்துப் புடவை வைப்பார் இருந்தால் தெய்வம், இல்லையேல் அச்சம் என்னும் இவ்வேறுபாடு, வீட்டில் மாந்தர் தொடர்ந்து வாழ்ந்தனரா என்பதைப் பொறுத்ததேயன்றி, இறந்தவளின் இயல்பைப் பொறுத்ததன்று.

அத்தகைய வீட்டிற்கு ஒரு தாய் மகளோடு மீள்கிறாள் எனக் கொள்வோம். முதலில் அவளை எதிர்கொள்வது ஒரு சொல். கணவனோடு வாழாது பிறந்தகம் மீண்டவளை 'வாழாவெட்டி' என்பர். மீண்டு வந்து புதுவாழ்வு தொடங்கியவள் என்னும் பொருள்படும் சொல் வழக்கில் இல்லை. அகப்பொருள் இலக்கணத்திலும் மகள் போன பின் மனையை நோக்கித் தாய் மருளுவதற்கு 'மனைமருட்சி' என ஒரு துறை உண்டு. கற்பு நெறியில் சென்ற மகள் கைக்குழந்தையோடு தனியே மீண்டு வருவதற்குத் துறை இல்லை. இலக்கணம் விட்ட இடத்தை நாட்டார் கதைகளே நிரப்பின.

நல்லதங்காள் கதை அவற்றுள் தலையாயது. பன்னீராண்டுப் பஞ்சத்தில் ஏழு மக்களோடு பிறந்தகம் வந்தவள் அவள். அண்ணன் வீட்டில் இல்லை; அண்ணி மூளியலங்காரி கதவடைத்தாள்; ஈரவிறகும் உடைந்த கலமும் கொடுத்தாள். மானம் பொறாத நல்லதங்காள் மக்களைக் கிணற்றிலிட்டுத் தானும் வீழ்ந்தாள். கதை நிகழ்ந்த இடமாகக் கூறப்படும் அருச்சுனாபுரம் தென்பாண்டிச் சீமையில் வத்திராயிருப்பை அடுத்து இருப்பினும், கதைப்பாடலாகவும் கூத்தாகவும் நாடகமாகவும் தொண்டைநாட்டிலும் அது பரவியது. கேட்போர் அண்ணியைக் கொடியவள் எனத் தூற்றுவர். ஆயின் கதையைச் சற்று ஆழ்ந்து நோக்கின், குற்றத்தின் வேர் ஒருத்தியின் குணத்தில் இல்லை என்பது தெரியவரும். தாய்வீடு என்று அவள் நம்பி வந்தது உண்மையில் அண்ணன் வீடு. அண்ணன் இருந்தால் திறக்கும் கதவு அவன் இல்லையெனில் திறவாது. அண்ணியும் அவ்வீட்டில் உரிமையுடையவள் அல்லள். ஆகவே வந்தவளைத் தனக்குப் போட்டியாகக் கண்டு அஞ்சுகிறாள். உரிமையில்லாத இருவர் ஒரு நிலைவாயிலில் எதிரெதிரே நின்றதன் விளைவே அக்கதை.

பழையனூர் நீலி கதை தொண்டைநாட்டிற்கே உரியது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், கொலையுண்ட மனைவி பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தன்னைக் கொன்ற வணிகனைத் தன் கணவன் எனக் கூறி ஊரவையில் முறையிட்டாள். குழந்தை அவனைத் தந்தையென அழைத்தது. அவையினராகிய வேளாளர் எழுபதின்மர் அதனை நம்பி, அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணையாக்கி, இருவரையும் ஒரு வீட்டில் இரவு தங்கச் செய்தனர். விடிந்தபொழுது அவன் இறந்துகிடந்தான். எழுபதின்மரும் தீப்புகுந்து சொற்காத்தனர். வேளாளரின் வாய்மைக்கு எடுத்துக்காட்டாகவே இக்கதை போற்றப்பட்டு வருகிறது. தனித்து வந்த பெண்ணை நம்பலாகாது என்னும் எச்சரிக்கையும் அதனுள் ஒளிந்துள்ளது. 'நீலிக்கண்ணீர்' என்னும் தொடர் இன்றும் யாரை நோக்கிக் கூறப்படுகிறது என்பதை எண்ணுக. அவளும் கொலையுண்டவளே என்பது தொடரில் மறைந்துவிட்டது.

இலக்கியம் காட்டும் மாற்றுவழி ஒன்று காஞ்சியிலேயே முடிவுறுகிறது. புகாரில் பாட்டி சித்திராபதியின் குலமனையை நீங்கிய மாதவியும் மணிமேகலையும் அறநெறியிற் சேர்ந்தனர். பல இடங்களிற் பிரிந்து திரிந்த பின்னர் மணிமேகலை வறங்கூர்ந்த கச்சி நகரடைந்து அமுதசுரபியால் உயிர்களைப் புரந்தபொழுது, மாதவியும் சுதமதியும் அறவணவடிகளும் அங்கு வந்து கூடினர். தாயும் மகளும் புதுவாழ்வு தொடங்கியது மனையைப் பெற்றன்று, மனையைத் துறந்து. சாத்தனாருக்கு அதுவே உயர்ந்த நெறி. இல்வாழ்விலிருந்தே புதுவாழ்வு தொடங்க விழைவார்க்கு அது விடையாகாது.

விடை சட்டத்தின்வழியே மெல்ல வந்தது. உத்திரமேரூர் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்துச் செங்கற்பட்டு நகரிலேயே 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கும் ஆண்களோடு ஒப்பச் சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் அளவான உரிமை தந்தது. விற்கவோ எழுதிவைக்கவோ பொதுவாக இயலாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அவ்வரம்பை நீக்கிப் பெண்ணின் உடைமையை முழுவுடைமை ஆக்கியது; மகளையும் மனைவியையும் தாயையும் முதல் வகுப்பு வாரிசுகளாக்கியது. ஆனால் குடியிருக்கும் வீட்டிற்கு மட்டும் 23ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்தது. ஆண் வாரிசுகள் தம்முள் பங்கிட விரும்பும் வரை பெண் வாரிசு வீட்டைப் பங்கிடக் கோர முடியாது. மகளுக்குக் குடியிருக்கும் உரிமையும் அவள் மணமாகாதவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்தவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருந்தால் மட்டுமே.

இப்பிரிவைப் பூவாடைக்காரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகின்றோம். மீண்டு வந்த மகளுக்கு மூலையில் இடம் உண்டு, வீடு அவளுடையதன்று. சடங்கு இறந்தவளுக்குக் கொடுத்ததைச் சட்டம் உயிரோடு மீண்டவளுக்குக் கொடுத்தது, அவ்வளவே. சட்டம் எழுதியோர் இவ்வழிபாட்டை அறிந்திருந்தனர் என்று யாம் கூறவில்லை. இரண்டிற்கும் அடிநிலையான எண்ணம் ஒன்றே என்பதே எம் துணிபு.

தமிழ்நாடு அரசு கொணர்ந்த திருத்தம் 1989 மார்ச்சு 25 முதல் மகளையும் பிறப்பாலேயே கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளி ஆக்கியது. ஆந்திரம் அதற்கு மூன்றாண்டு முந்தியது. அந்நாளுக்கு முன் மணமானவர்க்கு அது பயன்படவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவணரசுத் திருத்தமே அவ்வேறுபாட்டைப் போக்கி, 23ஆம் பிரிவையும் அறவே நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமோ என்னும் ஐயத்தை உச்சநீதிமன்றம் 2020 ஆகத்து 11இல் வினீதா சர்மா வழக்கில் தீர்த்து, வேண்டுவதில்லை என்றது. பங்காளி என்னும் சொல்லுக்குப் பெண்பாற் பொருளும் உண்டாயிற்று. அகராதிகள் இதனை இன்னும் ஏற்கவேண்டும்.

தாய்வீடு என்னும் பெயர் பொருளோடு பொருந்தி நிற்கும் தமிழ் நிலங்களும் உள. யாழ்ப்பாணத்துத் தேசவழமை, 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது. அதன் பழைய முறைப்படி தாயின் சீதனம் மகளிர்க்கும், தந்தைவழி முதுசொம் ஆண்மக்கட்கும் செல்லும். மட்டக்களப்புப் பகுதியில் வீடு மகளுக்கே சீதனமாகிறது. கணவன் மனைவி வீட்டிற்கு வந்து வாழ்கிறான். அடுத்த மகளுக்கு மணமாகும்பொழுது பெற்றோர் வேறொரு சிறு மனைக்குப் பெயர்வர். தமிழ்நாட்டிலேயே காயல்பட்டினத்து முசுலிம் குடும்பங்களிலும் வீடு மகளுக்குத் தரப்படுகிறது. அங்கெல்லாம் நல்லதங்காள் கதை நிகழ்ந்திருக்க வழியில்லை. கதவைத் திறப்பவள் அண்ணி அல்லள், தாயோ தமக்கையோ ஆவாள். தாய்வீடு என்னும் சொல் ஒருகாலத்தில் தமிழகம் முழுவதும் நிலவிய தாய்வழி உரிமையின் எச்சம் என்று கூறுவார் உளர். அதனை உறுதிப்படுத்தச் சொல்லொன்று போதாது. அன்பைக் குறித்த சொல்லாகவும் அது தோன்றியிருத்தல் கூடும். யாம் இவ்விடத்து முடிவு கூறத் துணியோம்.

தொண்டைநாட்டிற்கு மீள்வோம். ஆவணத்தில் இப்பொழுது மகளின் பெயரும் ஏறலாம். தாயும் மகளும் பழைய வீட்டைத் திறந்து, ஒட்டடை தட்டி, உடைந்த ஓடுகளை மாற்றி, பால் காய்ச்சிக் குடிபுகலாம். அவ்வீட்டுப் பூவாடைக்காரியை அழைப்பவர் யார் என்னும் வினா அப்பொழுது எழுகிறது. வழக்கப்படி கிணற்றடியில் நின்று அழைப்பவர் ஆண்வழிப் பங்காளிகள். இறந்தவள் பெயர் என்ன, எந்த ஆண்டு, எந்நோயால், எந்தப் பேற்றில் இறந்தாள், அவளுக்கு உகந்த பூ எது என்பனவற்றைப் பம்பைக்காரருக்குச் சொல்லத் தெரிந்தவரோ பெரும்பாலும் அவ்வீட்டு மூதாட்டியர். அழைக்கும் உரிமை ஒருபாலும் அறிந்த செய்தி மற்றொருபாலும் இருந்த வழக்கு அது. சட்டத்தால் பங்காளியான மகள் தானே குடம் எடுத்து நீர் முகந்து அழைக்கலாமா என்பதற்குச் சட்டநூலில் விடை இல்லை. சடங்கிலும் எழுதிவைத்த விதி இல்லை. ஊர்தோறும் வீடுதோறும் அது இனி முடிவாகும். உத்திரமேரூர் வட்டத்திலும் சூழவுள்ள வட்டங்களிலும் பெண்களே தனித்து வாழும் வீடுகளில் இவ்வழைப்பு எவ்வாறு நிகழ்கிறது, குடத்தைச் சுமந்து வருபவர் எவர், தெய்வம் எவர்மீது இறங்கி என்ன கூறுகிறது என்பனவற்றைத் தொகுத்தல் அடுத்த பணி.